விடுதியில் விடுவதற்கு முன்னால்...

சகோதரிகளே, இந்த இதழில் கஷாயமும் இல்லை, கறிவேப்பிலைப் பொடியும் இல்லை. வேடசந்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்திருக்கும் ஒரு கடிதம் வேறு எதையும் எழுத விடவில்லை. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். போடவில்லை.

கல்யாணமாகி ஆறு வருஷம். இரண்டு குழந்தைகள், சின்னது இன்னும் பால் மறக்கவில்லை. கணவருக்கு நூல் மில்லில் ஷிப்ட் வேலை. வீட்டில் மாமியாரும் கொழுந்தனும். கொழுந்தனுக்கு 28 வயது. பிறவியிலேயே மனவளர்ச்சி குறைவு. இத்தனை நாளும் அவரைக் குளிப்பாட்டுவது, சோறு பிசைந்து கொடுப்பது எல்லாம் மாமியார்தான். போன தை மாதம் அந்த அம்மாள் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

"அக்கா, நான் அவரைக் குளிப்பாட்ட முடியுமா? அவருக்கே கூச்சம் தெரியுது, கதவைச் சாத்திக்கிறாரு. ராத்திரியில ரோட்டுக்குப் போயிடுறாருன்னு வாசல்ல பூட்டுப் போட்டு வச்சிருக்கோம். எங்க நாத்தனார் வீட்டுக்காரரு ஒரு ஹோம் இருக்குன்னு சொல்றாரு. போர்டுகூட கிடையாதாம், ஆனா நல்ல மனுஷங்களாம். அத்தை அழுவுறாங்க. நான் என்ன செய்யட்டும்?"

முதலில் ஒன்று. 'பெத்த பிள்ளையை விடுதியில் விடுவதா?' என்று முகவாயில் கை வைக்கிற கூட்டத்தில் நான் சேரவில்லை. அப்படிச் சொல்பவர்கள் யாரும் ஒரு நாள் வந்து அந்தப் பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றிவிட்டுப் போவதில்லை. இந்தப் பெண்ணுக்கு மூன்று குழந்தைகளையும் ஒரு நோயாளியையும் சுமக்கத் தெம்பு இல்லை என்றால் அது பாவம் அல்ல. ஆனால் கூடப் பிறந்த அண்ணன் குளிப்பாட்டக் கூடாதா என்று கேட்கத் தோன்றுகிறது. ஷிப்ட் முடிந்து வந்து கால் மணி நேரம். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நம் வீடுகளில் அந்த யோசனையே யாருக்கும் வருவதில்லை.

என்னை உறுத்தியது வேறொரு வாசகம். "போர்டுகூட கிடையாதாம்."

2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் நடந்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். தர்காவை நம்பி மனநோயாளிகளை அழைத்து வரும் குடும்பங்களுக்காக அங்கே வரிசையாக 'ஹோம்'கள் முளைத்திருந்தன. கீற்றுக் கொட்டகை, மூங்கில் தட்டி. நோயாளிகள் ஓடிவிடாமல் இருக்க ராத்திரியில் சங்கிலி. விடியும் முன் ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கிடந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். ஒரே வாரத்தில் அங்கிருந்த ஹோம்களையெல்லாம் மூடி, நூற்றுக்கணக்கானவர்களை அரசாங்கம் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. சுப்ரீம் கோர்ட் தானாகவே வழக்காக எடுத்து விசாரித்தது. இப்படி ஓர் இல்லம் நடத்த உரிமம் வேண்டும் என்று அதற்கு முன்பே சட்டம் இருந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

அங்கே விட்டவர்களில் பெரும்பாலோர் கெட்டவர்கள் இல்லை. நம் வாசகியைப் போல ராத்திரி வாசலில் பூட்டுப் போட்டு, தூக்கம் கெட்டுப் போனவர்கள்தான்.

அது பழைய கதை என்று தள்ளிவிடவும் வழியில்லை. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் ஓர் ஆசிரமம் பல வருஷங்களாகப் பதிவே இல்லாமல் நடந்தது வெளியே வந்தது. அங்கே சேர்த்த ஒருவரைக் காணோம் என்று ஐகோர்ட்டுக்கு வழக்குப் போன பிறகுதான் அதிகாரிகள் உள்ளே நுழைந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள். பெண்கள் சொன்னதையெல்லாம் இங்கே எழுத என் கை வரவில்லை. ஆளைக் காணோம் என்று ஒருவர் தேடியிராவிட்டால்?

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில், இப்படிப்பட்ட இல்லங்களைச் சோதனை பார்க்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார். கடிதத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

"லைசென்ஸ்ங்கறது சாப்பாடு ருசியா இருக்குன்னு கொடுக்கிற சர்டிபிகேட் இல்லம்மா. உள்ளே யார் யார் இருக்காங்கன்னு வெளியே ஒரு ஆபீஸுக்குத் தெரியும், கதவைத் திறன்னு சொல்ல ஒருத்தருக்கு அதிகாரம் இருக்கு. அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' பெரிய விஷயம்" என்றார்.

போனவுடன் என்ன பார்ப்பீர்கள் என்று கேட்டேன். சமையலறை, கக்கூஸ் என்று சொல்வார் என்று நினைத்தேன்.

"முதல்ல தலையை எண்ணுவேன். அப்புறம்தான் ரிஜிஸ்டரைக் கேட்பேன். ரெண்டும் ஒத்துப் போகணும். கூட இருந்தாலும் தப்பு, குறைஞ்சாலும் தப்பு. குறைஞ்சா, எங்கே போனாங்கன்னு பதில் வேணும். வீட்டுக்குப் போனா கையெழுத்து, ஆஸ்பத்திரிக்குப் போனா சீட்டு, இறந்து போனா டாக்டர் சர்டிபிகேட்."

குண்டலப்புலியூரை நினைத்துக்கொண்டேன்.

தலை எண்ணிய பிறகு காகிதங்கள். தாசில்தார் தரும் கட்டட உரிமம், கட்டடம் உறுதியாக இருக்கிறது என்ற சான்று, சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று. கும்பகோணத்தில் 2004-ல் பள்ளிக்கூடம் எரிந்து 94 குழந்தைகள் போன பிறகு கீற்றுக் கூரை என்றாலே அதிகாரிகளுக்குக் கண் சிவக்கும். சிவக்கட்டும். பிறகு மருந்துப் பதிவேடு: யாருக்கு, எந்த டாக்டர் எழுதியது, எத்தனை வேளை. ராத்திரியில் யார் காவல், பெண்கள் பகுதியில் பெண் ஊழியர் உண்டா, சக்கர நாற்காலி கழிவறைக்குள் போகுமா...

சட்டமாகச் சொன்னால் இரண்டு வழி. மனநோய்க்காகத் தங்க வைக்கும் இடம் என்றால் 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி மனநல ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவான தேதியிலிருந்து மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை தணிக்கை உண்டு. நடுவில் புகார் வந்தாலும் வராவிட்டாலும் சோதனைக்கு ஆள் அனுப்பலாம். மனவளர்ச்சி குன்றியவர்கள், கை கால் வராதவர்கள், கண் தெரியாதவர்கள் தங்கும் இல்லம் என்றால் 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். பதிவுச் சான்றிதழ் இல்லாமல் நடத்தவே கூடாது. விண்ணப்பித்து 90 நாளுக்குள் தருவதா மறுப்பதா என்று சொல்லியாக வேண்டும். கெடு முடிய 60 நாள் இருக்கும்போதே புதுப்பிக்க மனுப் போட வேண்டும். சான்றிதழை எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் மாட்டி வைக்க வேண்டும் என்றும் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஆகவே, 'உங்கள் சர்டிபிகேட் எங்கே?' என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. கூச்சப்படாதீர்கள். புடவைக் கடையில் சாயம் போகுமா என்று பத்துத் தடவை கேட்கிறோமே!

நாங்கள் படித்த காலத்தில் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் முதல் நாளே வகுப்பைக் கழுவி, மாவிலை கட்டி, மக்குப் பிள்ளைகளைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பிவிடுவார் வாத்தியார். இல்லங்களிலும் அப்படித்தானே என்று பெரியவரிடம் கேட்டேன். சிரித்தார்.

"நாங்க வர்ற அன்னிக்கு சாம்பார்ல முருங்கைக்காய் மிதக்கும். புதுப் பாயை ஒரே நாள்ல வாங்கிடலாம். ஆனா கால் நகத்தை ஒரே நாள்ல சரி பண்ண முடியாதும்மா. மாசக்கணக்கா வெட்டாத நகம் உள்ளே வளைஞ்சு கிடக்கும். படுத்தே கிடக்கிறவங்களைத் திருப்பிப் பாருங்க, முதுகிலயும் இடுப்பிலயும் புண்ணு இருக்கான்னு. எடை போட்டு எழுதி வச்சிருக்காங்களான்னு கேளுங்க. ஆயா பக்கத்துல வந்து கையை ஓங்கித் தலைமுடியை ஒதுக்கினா, அந்தப் பிள்ளை தலையைக் குனியுதா, சிரிக்குதான்னு பாருங்க."

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு, அந்த வாசகியையும் அவர் கணவரையும் திண்டுக்கல்லுக்கு வரச் சொல்லி, இரண்டு இடங்களைப் பார்த்தோம்.

முதல் இடம் அந்தப் போர்டு இல்லாத ஹோம். போகும்போதே கோபத்தோடுதான் போனேன். ஆனால் நடத்துகிற மனிதர் கெட்டவராகத் தெரியவில்லை. நாங்கள் போனபோது ஒரு வயதான ஆளுக்குத் தன் கையாலேயே கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தார். ரோட்டில் கிடந்தவர்களைத் தூக்கி வந்து ஆரம்பித்தாராம். நான் எண்ணியது 23 பேர். குளியலறை ஒன்று. ரிஜிஸ்டர் கேட்டேன், ஒரு பழைய டைரி வந்தது. அதில் 19 பெயர், அதிலும் நாலு பெயருக்கு ஊரில்லை. மாத்திரை அட்டைகளெல்லாம் ஒரு டிபன் டப்பாவில் கலந்து கிடந்தன. "ராத்திரி அமைதியா தூங்கணும்ல, எல்லாருக்கும் அரை மாத்திரை" என்றார், ஏதோ சீரகத் தண்ணீர் கொடுப்பது போல. எந்த டாக்டர் எழுதியது என்றதற்கு, "முதல்ல ஒரு டாக்டர் எழுதினதுதான்."

எங்கள் ஊர் பூட்டுக்குப் பெயர் போனது. 2019-ல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. அதனாலோ என்னவோ என் கண் தாழ்ப்பாளுக்குப் போய்விடும். அந்த ஹாலுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. சாவி யாரிடம், அந்த ஆள் ராத்திரி எங்கே படுப்பார் என்று கேட்டேன். தெருமுனையில் அவர் வீடாம்.

"பேப்பரெல்லாம் போட்டிருக்கோம்மா, வரும்" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. நாலைந்து ஆபீஸ் ஏறி இறங்க வேண்டும். வாடகைக் கட்டடம் என்றால் சொந்தக்காரர் சம்மதிக்க வேண்டும். சின்ன மனிதர்களுக்கு இது மலைதான். அதிகாரிகள் ஒரே இடத்தில் வைத்து வழி சொல்லிக் கொடுத்தால் பாதிப் பேர் பதிவுக்கு வந்துவிடுவார்கள் என்பது என் அபிப்பிராயம். ஆனாலும் அந்த நாலு ஊரில்லாத பெயர்கள்? டைரியில் ஏறாத அந்த நாலு பேர்? அவர்களில் ஒருவர் நாளைக்கு இல்லாமல் போனால் கேட்க நாதி யார்? அவருடைய நல்ல மனசு அதற்கு ஜவாப் ஆகாது.

இரண்டாவது இடத்தில் வாசலிலேயே சான்றிதழ். கெடு தேதி பார்த்தேன், இருந்தது. எத்தனை பேருக்கு அனுமதி என்பதும் இருந்தது. எண்ணினேன், சரியாக இருந்தது. தாழ்ப்பாள் உள்பக்கம். சாய்தளம், கைப்பிடிக் கம்பி, கட்டிலுக்குக் கட்டில் இடைவெளி எல்லாம் உண்டு. ஆனால் மத்தியானம் மூன்று மணிக்கு எல்லாரும் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து, யாரும் பார்க்காத ஒரு டெலிவிஷன் ஓடிக்கொண்டிருந்தது. எத்தனை மணியிலிருந்து இப்படி என்றேன். சாப்பிட்டதிலிருந்து என்றார்கள். சாப்பாட்டுக்கு முன்னால்? அப்போதும் இதேதான். எல்லாருக்கும் ஒரே மாதிரி நீல உடுப்பு. சமையலறையைப் பார்க்கலாமா என்றபோது மேட்ரன் அம்மாளுக்கு முகம் சுருங்கியது. பார்த்தோம், சுத்தமாகத்தான் இருந்தது. அப்படியிருக்க முகம் ஏன் சுருங்க வேண்டும்?

ஆக, சுவரில் காகிதம் தொங்கினால் எல்லாம் ஆயிற்று என்று இல்லை. அந்தக் கணவர் திரும்பும்போது, "தம்பி ஊர்ல ஆட்டுக்குத் தழை ஒடிச்சுப் போடுவான், அது ஒண்ணு அவனுக்கு நல்லா வரும்" என்றார். அவ்வளவு நேரத்தில் அவர் பேசியது அது ஒன்றுதான்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மனநல நிலையங்களில் இருப்பவர்களுக்காக 2017 சட்டத்தில் வரிசையாகச் சில உரிமைகளை எழுதியிருக்கிறார்கள். படித்தபோது, எழுதினவர்களுக்குள் யாரோ ஒரு தாய் இருந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. கட்டாயமாக மொட்டை அடிக்கக் கூடாது. சொந்தத் துணி உடுத்த விரும்பினால் விட வேண்டும். மாதவிலக்கு நாட்களுக்கு வேண்டியதைக் கொடுக்க வேண்டும். உடம்பு தெரியாமல் மூடிக்கொள்ள உடை வேண்டும். வேலை வாங்கினால் கூலி கொடுக்க வேண்டும். எந்த விதத்திலும் சங்கிலி கூடாது. பேன் பிடிக்கிறது என்று ஒட்ட வெட்டிய தலைகளை வரிசையாகப் பார்த்தால், எங்கேயாக இருந்தாலும் இதை நினைத்துக்கொள்ளுங்கள். பேனுக்கு மருந்து இருக்கிறது, சீப்பு இருக்கிறது.

1994-ல் மகாராஷ்டிரத்தில் புணேயை அடுத்த ஷிரூர் அரசு இல்லத்துப் பெண்கள் பலருக்கு, விலக்கு நாட்களில் சுத்தமாக இருக்கத் தெரியவில்லை என்று காரணம் சொல்லிக் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். மாதர் சங்கங்கள் கொதித்தெழுந்த பிறகே நின்றது. இப்போது 2016 சட்டப்படி, அந்தப் பெண்ணின் சம்மதமில்லாமல் மலடாக்கும் எந்தச் சிகிச்சையும் செய்யக் கூடாது. 2009-ல் சண்டிகரில் அரசாங்க இல்லத்திலேயே இருந்த ஒரு மனவளர்ச்சி குன்றிய பெண் கர்ப்பமாக்கப்பட்டது சுப்ரீம் கோர்ட் வரை போனது. கருவைக் கலைப்பதா என்பதைக் கோர்ட் பேசி, அந்தப் பெண் வேண்டாம் என்றதால் கலைக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. என் மனதில் நின்றது வேறு: காவலுக்கு இருந்தவர்கள் கண்ணில் இது முதலில் ஏன் படவில்லை? ஆகவே, அரசாங்க இல்லம்தானே என்று அசட்டையாக இருக்காதீர்கள். ஒவ்வொரு மாதமும் போங்கள். விலக்கு சரியாக வருகிறதா என்று தேதி எழுதியிருக்கிறார்களா, பாருங்கள். தனியாக அழைத்துப் போய் உட்கார்ந்து பேசுங்கள். பேச்சு வராத பெண் என்றால் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் சாக்கில் உடம்பைப் பாருங்கள். பெற்றவளுக்கு அதை விடத் தெளிவான ரிப்போர்ட் கிடையாது.

போவது சொல்லாமல் போங்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு எல்லாரும் போவார்கள். நீங்கள் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறரைக்குப் போங்கள், விளக்கு வைத்த பிறகு, ராத்திரி ஆள் மாறும் நேரம். இஷ்டப்பட்ட நேரத்தில் உறவினர் வரக் கூடாது என்று சொல்லும் இடம் எனக்குப் பிடிக்காது. ஏதாவது தப்புத் தெரிந்தால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுக்கலாம், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் எழுதிக் கொடுக்கலாம். மனுவுக்கு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற போன் எண் இருக்கிறது.

வேடசந்தூர்ப் பெண்ணின் கதைக்கு வருகிறேன். கொழுந்தனை இன்னும் எங்கும் விடவில்லை. இப்போதைக்கு அண்ணன் குளிப்பாட்டுகிறார். முதல் நாள் இரண்டு பேருமே வெட்கப்பட்டார்களாம். பகலில் மட்டும் வைத்துக்கொள்ளும் மையம் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறோம். மாமியார் எழுந்து நடக்கவில்லை என்றால் விடுதியில்தான் முடியும் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அப்போது அந்த இரண்டாவது இடத்தையே மறுபடி ஒரு சாயங்காலம் போய்ப் பார்ப்பதாகப் பேச்சு, அங்கே தோட்டம் போட இடம் இருக்கிறது என்பதால்.

கடிதத்தின் கடைசியில் பின்குறிப்பாக ஒரு வரி இருந்தது: கொழுந்தன் பங்குக்கு ஒன்றரை ஏக்கர் நிலம் இருக்கிறது, அதை யார் பார்த்துக்கொள்வது என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. நான் யாரையும் சந்தேகப்படவில்லை. ஆனால் எல்லாத் தாய்மார்களும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. பிள்ளைக்கு 18 வயது முடிந்துவிட்டால், பெற்ற தாயே ஆனாலும் சட்டப்படி தானாகக் காப்பாளர் ஆகிவிட மாட்டாள். மனவளர்ச்சிக் குறைவு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், ஒன்றுக்கு மேற்பட்ட ஊனம் ஆகியவை உள்ளவர்களுக்காக 1999-ல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. அதன்படி கலெக்டர் தலைமையில் மாவட்டத்துக்கு ஒரு குழு உண்டு. அதற்கு விண்ணப்பித்துக் காப்பாளர் நியமனம் வாங்க வேண்டும். காப்பாளர் ஆனவர் ஆறு மாதத்துக்குள் அந்தப் பிள்ளையின் நிலம், நகை, பணம் எல்லாவற்றுக்கும் பட்டியல் கொடுக்க வேண்டும். வருஷா வருஷம் கணக்கும் காட்ட வேண்டும். மாமியாரோ மூத்த மகனோ கேட்கலாம். விண்ணப்பத்துக்கு மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். போகும்போது ஊனச் சான்று, வயதுக்கும் விலாசத்துக்கும் அத்தாட்சி, நிலத்தின் பட்டா நகல் ஆகியவற்றைக் கையோடு கொண்டு போங்கள். பட்டாவை மட்டும் அசலாக யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.